கூப்பிடுறவன் காதுல ஊதுங்கடா சங்கை

வாடா பேராண்டி, உக்காரு. வண்டி ஓட்டும்போது போன் பேசாதேன்னு புத்தி சொல்லத்தான் கூப்பிட்டேன்னு முகத்தைத் தூக்கி வச்சுக்காதே. அதை உன் அப்பன் சொல்லியாச்சு, ஆத்தாக்காரி சொல்லியாச்சு, இரும்புலியூர் முனையில வெயில்ல நிக்கிற போலீஸ்காரரும் சொல்லியாச்சு. அத்தனை பேர் சொல்லியும் ஏறாத காதுல நான் ஒருத்தன் வந்து புதுசா என்னத்தை ஏத்தறது? நான் உன் கட்சிடா. தாராளமாப் பேசிக்கிட்டே ஓட்டு. எச்சரிக்கை பண்ணுற எந்திரத்தையெல்லாம் வாயடைக்க வைக்கிறதுல உங்க ஆளுங்களுக்கு இருக்கிற சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் கூப்பிட்டேன்.

சாயங்காலம் கேம்ப் ரோடு முனையில டீக்கடை பெஞ்சுல உக்காந்தா எனக்கு டிவி சீரியலே தேவைப்படறதில்லே. ஹெல்மெட்டுக்குள்ள போனைச் செருகிக்கிட்டுப் போறவன் ஒரு ரகம். அந்த ஹெல்மெட்டு தலைக்காக வாங்கினதா, போனுக்காக வாங்கினதான்னு எனக்கு இன்னும் வெளங்கலே. எதுலயாவது மோதினா மண்டைக்கு என்ன ஆகுமோ, போனுக்கு ஒரு கீறல் விழாது. இன்னொருத்தர் கழுத்தை ஒடிச்சு, காதுக்கும் தோளுக்கும் நடுவுல போனை இறுக்கிக்கிட்டு வருவாரு. அவருக்கு இண்டிகேட்டரே வேண்டாம், தலை எந்தப் பக்கம் சாஞ்சிருக்கோ வண்டியும் அந்தப் பக்கம் போயிடும். துப்பட்டாவுல போனை வச்சுக் காதோட சேர்த்துக் கட்டிக்கிட்டுப் போற பொண்ணுங்க கொஞ்சம் முன்னேறினவங்க, ரெண்டு கையும் ஹேண்டில்பார்ல இருக்கு, மனசு மட்டும் பேச்சுல இருக்கு. இதுக்கெல்லாம் மேலே ஒரு மகான் இருக்காரு. சிவப்பு விழுந்ததும் தொடைமேல போனை வச்சு ரீல்ஸ் பார்க்க ஆரம்பிச்சிடுவாரு. பச்சை விழுந்த சேதி அவருக்குப் பின்னாடி இருக்கிறவன் ஹார்ன் அடிச்சாத்தான் தெரியும்.

ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் நடுரோட்டுல மாடு படுத்திருக்கே, அதுகிட்டே போன் கிடையாது. ரோட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கிற ஒரே சீவன் அதுதான்.

சரி, எந்திரம் சமாச்சாரத்துக்கு வர்றேன். உன் சித்தப்பன் புதுக் கார் வாங்கினானே, ஞாபகம் இருக்கா? கோயிலுக்குக் கொண்டுபோய் பூசை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கி வெளியே எடுத்தோம். ஏறி உக்காந்ததும் அது கத்த ஆரம்பிச்சுது. நான் என்னமோ கோளாறுன்னு பயந்துட்டேன். கோளாறு இல்லையாம், அதுதான் சட்டமாம். 2019 ஜூலை 1-லேர்ந்து நம்ம நாட்டுல தயாராகிற ஒவ்வொரு காருலயும் இந்தக் கத்தல் கட்டாயம். பெல்ட்டு போடலைன்னா கத்தும். 80 கிலோமீட்டரைத் தாண்டினா விட்டு விட்டுக் கத்தும். 120-ஐத் தாண்டினா மூச்சு விடாமக் கத்தும். பின்னாடி வரும்போது சுவரு கிட்டே வந்தாலும் கத்தும்.

நம்ம சித்தப்பன் லேசுப்பட்டவனா? ஒரே வாரத்துல அதை ஊமையாக்கிட்டான். எப்படின்னு கேளு. பெல்ட்டோட முனையில ஒரு இரும்புத் தகடு இருக்கும் பாரு, அதை மட்டும் தனியா வாங்கி ஓட்டையில செருகிட்டான். பெல்ட்டு மேலேயே தொங்குது, காரு போட்டாச்சுன்னு நம்பிக்கிச்சு. கம்பெனிக்காரன் மூளையைக் கசக்கிக் கண்டுபிடிச்ச எந்திரத்தை ஒரு தகடு ஜெயிச்சுடுச்சு. வீட்டுக்குக் கூரியர்ல வந்து இறங்கின தகடுடா அது. இவன் ஒருத்தன்தான் இப்படின்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அப்புறம் பேப்பர்ல பார்த்தா, 2023 மே மாசம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான், பிளிப்கார்ட், மீஷோ, ஸ்னாப்டீல், ஷாப்குளூஸ்னு அஞ்சு கம்பெனிக்கும் உத்தரவு போட்டு, இந்தத் தகட்டை விக்கக் கூடாதுன்னு எடுக்கச் சொல்லியிருக்கு. எடுத்த பட்டியல் மட்டும் 13,118. அதுல ஒரு வேடிக்கை, சில பேரு இதை பாட்டில் திறக்கிற சாமான்னு சொல்லி வித்திருக்கான். பெல்ட்டு போடாதவனுக்கு பாட்டில் திறக்கிற சாமான்! நோய்க்கு ஏத்த மருந்தை எவ்வளவு கரெக்டாக் குடுக்கிறான் பாரு.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்றேன்னா, போன் விஷயத்துலயும் இனி வரப்போற எந்திரம் எல்லாத்துக்கும் இதே கதிதான். எச்சரிக்கை பண்ணுறது எந்திரத்தோட வேலை. அதோட கழுத்தை நெரிக்கிறது நம்ம வேலை.

சட்டம் இருக்கே தாத்தான்னு நீ சொல்லுவே. இருக்குடா. 2022 அக்டோபர்ல நம்ம அரசாங்கம் அபராதத்தை ஏத்தி விட்டுச்சு. போனைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டினா முதல் தடவை ஆயிரம் ரூபா, மறுபடி மாட்டினா பத்தாயிரம். ஆயிரத்துக்கு அஞ்சாத நீ பத்தாயிரத்துக்கு அஞ்சுவியான்னு எனக்குத் தெரியாது, ஆனா போலீஸ்காரர் எங்க நிப்பாருன்னு உனக்குத் தெரியும். இரும்புலியூருக்கு நூறு அடி முன்னால போன் பாக்கெட்டுக்குள்ள போகும், தாண்டி நூறு அடியில திரும்ப வெளியே வரும். தாம்பரத்துக்குன்னு தனியா போலீஸ் கமிஷனரேட்டே 2022 ஜனவரி 1-ல ஆரம்பிச்சாங்க. அவங்களால ஜி.எஸ்.டி. ரோடு பூராவும் கையைக் கோத்துக்கிட்டு நிக்க முடியுமா?

சட்டத்துலயே உனக்கு ஒரு சந்தும் விட்டு வச்சிருக்கான். 2020 அக்டோபர் 1-லேர்ந்து மத்திய விதி என்ன சொல்லுது? கையில இருக்கிற போனை வழி பார்க்க மட்டும் உபயோகிக்கலாம், அதுவும் கவனம் சிதறாதபடி. அன்னையிலேர்ந்து தாம்பரம் சுத்து வட்டாரத்துல யாருக்குமே வழி தெரியாமப் போயிடுச்சு. நீ பொறந்து வளர்ந்தது சேலையூர்ல. பால் வாங்க செம்பாக்கம் போறதுக்கு மேப்பு போடுறே. மேப்பு போட்ட போனுல பாட்டு மாறுது, வாட்ஸ்அப் வருது, கிரிக்கெட் ஸ்கோர் வருது. கேட்டா, வழி பார்த்தேன் தாத்தாங்கிறே. பெருங்களத்தூர்ல பாலத்து மேலே ஏறணுமா கீழேயே போகணுமான்னு இப்பல்லாம் அந்தப் பொம்பளைக் குரலே சொல்லிடுது, அது நல்ல சௌகரியம்தான், இல்லேங்கலே. காதால கேக்கிறதுக்குத்தான்டா அந்தக் குரலை வச்சான். நீ கண்ணால பார்த்துக்கிட்டே போறே.

ஒரு நிமிஷம்தானேன்னு சொல்லாதே, ஒரு நிமிஷம் கூட வேண்டாம். 2009-ல அமெரிக்காவுல விர்ஜீனியா டெக்னு ஒரு பல்கலைக்கழகத்துல லாரிக்காரங்களோட வண்டியில கேமராவை வச்சுப் பார்த்தாங்க. மெசேஜ் அடிக்கிறவன் கண்ணு ஆறு செகண்டுல நாலரை செகண்டுக்கு மேலே ரோட்டுல இல்லே. மோதப் போற நெலைமை, மோதல் எல்லாம் சேர்த்து அபாயம் இருபத்து மூணு மடங்கு. அதை நம்ம ஊர்க் கணக்குல போடு. மேடவாக்கம் ரோட்டுல நீ அம்பதுல போறேன்னு வை. செகண்டுக்குப் பதினாலு மீட்டர். நாலரை செகண்டுன்னா அறுபது மீட்டரைத் தாண்டும். மாநகர பஸ் அஞ்சை வரிசையா நிறுத்தி, அந்த நீளம் பூராவும் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டிப் பார். ஓட்டமாட்டே, உயிர் மேலே ஆசை இருக்கு. ஆனா உன் சிநேகிதன் அனுப்பின சிரிப்புப் பொம்மைக்குத் திருப்பி ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பணும்னா அஞ்சு பஸ் நீளம் கண்ணை மூடத் தயாரா இருக்கே. அதுவும் மெட்ரோ தூணு நட்டு, தகரம் அடிச்சு, பள்ளம் தோண்டி வச்சிருக்கிற ரோட்டுல.

நான் ப்ளூடூத்துல பேசுறேன், கையே படலைன்னு சொல்லுவே. உட்டா பல்கலைக்கழகத்துல 2006-ல அதையும் சோதிச்சாச்சு. கையில பிடிச்சுப் பேசினாலும், பிடிக்காமப் பேசினாலும் பெரிசா வித்தியாசம் இல்லேன்னுட்டாங்க. கவனம் போறது கையாலயா போகுது? எதிர்முனையில இருக்கிறவன் கேள்வி கேட்டா நீ பதிலைத் தேடி உள்ளே போயிடறே. கண்ணு தொறந்துதான் இருக்கு, பார்க்கிற ஆள் வீட்டுல இல்லே.

நம்ம தாம்பரத்துல ஏர்போர்ஸ்காரங்க இருக்காங்களே, விமானம் ஓட்டக் கத்துக் குடுக்கிற வாத்தியாருங்களுக்கே பாடம் நடத்துற பள்ளிக்கூடம் அங்கேதான் இருக்கு. அந்தத் தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. அமெரிக்காவுல 1981-லயே விதியாப் போட்டான். பயணிகள் விமானம் பத்தாயிரம் அடிக்குக் கீழே இருக்கும்போது விமானி வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு பேச்சும் பேசக் கூடாது. அத்தனை அகலமான வானத்துலயே அப்படி. நீ எத்தனை அடி உசரத்துல போறே? மூணு அடி. உனக்கு எதிர்ல தண்ணி லாரி, பக்கத்துல ஷேர் ஆட்டோ, குறுக்கே ஒரு ஆயா. ஆனா நீ இன்னைக்கு மதியம் ஆபீஸ் கேண்டீன்ல என்ன குழம்புன்னு விலாவாரியாச் சொல்லிக்கிட்டுப் போறே.

எங்க காலத்துல மதுராந்தகம் பக்கத்துலேர்ந்து படாளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏத்திக்கிட்டு ராத்திரியெல்லாம் வண்டி போகும். வண்டிக்காரன் மூக்குக் கயித்தைக் கால் கட்டைவிரல்ல மாட்டிக்கிட்டுக் குறட்டை விடுவான். மாடு ரெண்டும் வழி தெரிஞ்சு போயிடும், எதிர்ல வண்டி வந்தா ஒதுங்கும், பள்ளம் இருந்தா நிக்கும். அவன் தூங்கலாம்டா, அவன் வண்டிக்கு மூளை முன்னாடி இருந்துச்சு. உன் வண்டிக்கு முன்னாடி என்ன இருக்கு? மட்கார்டு.

இப்ப அந்த மாட்டு மூளையைத்தான் எந்திரமா செஞ்சு காருக்குள்ள வைக்கப் பார்க்கிறான். ஐரோப்பாவுல 2024 ஜூலையிலேர்ந்து புதுசா வர்ற கார் மாடலுக்கெல்லாம் ஒரு கேமரா கட்டாயம். அது ஓட்டுறவன் கண்ணையே பார்த்துக்கிட்டு இருக்கும். அம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேலே போகும்போது மூணரை செகண்டு கண்ணு கீழேயே இருந்தா கத்தும். நம்ம நாட்டுலயும் பஸ்ஸு, லாரிக்கு அசதி, கவனக்குறைவு ரெண்டையும் கண்டுபிடிச்சு எச்சரிக்கிற கருவி வேணும்னு 2025-ல வரைவு விதி வெளியிட்டாங்க. நாக்பூர்ல 2021-லயே ஒரு திட்டம் ஆரம்பிச்சு, மாநகராட்சி, இன்டெல், ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. எல்லாம் சேர்ந்து டவுன் பஸ்ஸுல கருவி வச்சாங்க, முன்னாடி போற வண்டி மேலே மோதப் போனா டிரைவரைக் கூப்பிட்டுச் சொல்ற மாதிரி. நல்ல காரியம். அறுபது பேரு உயிரு ஒருத்தர் கண்ணுல இருக்கும்போது அந்தக் கண்ணை இன்னொரு கண்ணு பார்க்கிறதுல தப்பே இல்லே.

ஆனா தம்பி, கேம்ப் ரோட்டுல போறது அத்தனையும் என்னா வண்டி? ஸ்கூட்டரும் பைக்கும். கேமராவை எங்க வைப்பான்? ஹெல்மெட்டுக்குள்ளயா? அங்கேதான் ஏற்கெனவே போன் குடியிருக்கே! உன் முகத்தைப் பார்த்துக் கத்துற டேஷ்போர்டு உனக்குக் கிடையாது. கத்தினாலும் தண்ணி லாரி ஹார்ன்ல அது எங்க கேக்கும்?

கத்துறதோட நிக்காம செஞ்சு காட்டுற எந்திரம் ஒண்ணு நம்ம ஊர்லயே ஓடிக்கிட்டு இருக்கு, நீ பார்த்திருக்க மாட்டே. பீச்சுலேர்ந்து தாம்பரம் வரைக்கும் 1931-லேர்ந்து ஓடுதே, மின்சார ரயிலு. இன்னைக்கு அதை ஓட்டுற மோட்டார்மேன் கைப்பிடியை அழுத்திக்கிட்டேதான் ஓட்டணும். கையை எடுத்தாரு, அவ்வளவுதான், வண்டி தானா பிரேக் பிடிச்சு நின்னுடும். கெஞ்சல் கிடையாது, பீப் கிடையாது. அதை உன் பைக்குல வைக்க முடியுமா? நீ போனை எடுத்ததும் பைக்கு நடுரோட்டுல நின்னா, பின்னாடி வர்ற 21ஜி பஸ்ஸு உன்னை அப்படியே ஏத்திக்கிட்டுப் போயிடும், டிக்கெட் இல்லாம.

அப்போ மிச்சம் இருக்கிறது போன் ஒண்ணுதான். குத்தவாளியையே காவலுக்கு வைக்கிறது. 2017-ல ஆப்பிள்காரன் அதைச் செஞ்சான். வண்டி நகருதுன்னு தெரிஞ்சா போன் வாயை மூடிக்கும், மெசேஜ் வந்தா ஓட்டிக்கிட்டு இருக்கேன்னு தானே பதில் போட்டுடும். அருமையான ஏற்பாடு. ஆனா பஸ்ஸுல போறவனுக்கும் இதே ஆகுமே, அதுக்காகத் திரையில ஒரு பொத்தான் வச்சான், நான் ஓட்டலேன்னு. அதை அமுக்கினா எல்லாம் பழையபடி. பேராண்டி, சத்தியம் பண்ணிச் சொல்லு, நீ ஓட்டிக்கிட்டே அந்தப் பொத்தானை அமுக்கினதில்லே? அரிச்சந்திரனுக்கு அந்தப் போனைக் குடுத்திருந்தா அவனுக்கு சுடுகாட்டு வேலையே வந்திருக்காது, பொத்தானை அமுக்கிட்டு நிம்மதியா இருந்திருப்பான்.

2021-ல கூகுள்காரன் ஆண்ட்ராய்டு போன்ல நடந்து போறவனுக்கும் ஒண்ணு வச்சான், தலையைத் தூக்கிப் பாருன்னு. ஜெர்மனியில ஆக்ஸ்பர்க்னு ஒரு ஊர்ல 2016-ல, குனிஞ்சு போனைப் பார்த்துக்கிட்டே டிராம் பாதையைக் கடக்கிறவங்களுக்காகத் தரையிலேயே சிவப்பு விளக்கு புதைச்சான். மனுசன் நிமிர மாட்டேன்னு தெரிஞ்சுபோச்சு, விளக்கே கீழே இறங்கி வந்துடுச்சு. நம்ம சானடோரியம் பக்கம் தரையில விளக்கு புதைச்சா மழைக்காலத்துல மீனுக்குத்தான் வெளிச்சம்.

இத்தனை எந்திரத்துலயும் எனக்குப் பிடிச்சது ஒண்ணே ஒண்ணுதான்டா. அதுவும் நம்ம நாட்டுக்காகன்னே செஞ்சது. 2016-ல சாம்சங்காரன் கேலக்ஸி ஜே3-ன்னு ஒரு போன் விட்டான். அதுல எஸ் பைக் மோடுன்னு ஒரு வசதி. அதைப் போட்டுட்டு நீ வண்டியில ஏறிட்டா, யாராவது கூப்பிட்டாங்கன்னு வை, உன் போன் அடிக்காது. கூப்பிட்டவன் காதுலதான் சத்தம் கேக்கும். நீங்க கூப்பிடுறவர் வண்டி ஓட்டிக்கிட்டு இருக்காரு, ரொம்ப அவசரம்னா ஒண்ணை அமுக்குங்கன்னு. அவசரம்னு அமுக்கினாத்தான் உனக்கு மணி அடிக்கும். அப்பவும் வண்டி நின்னாத்தான் எடுக்க முடியும்.

கவனிச்சியா? மத்த எந்திரம் எல்லாம் ஓட்டுறவனைத் திட்டுது. இது ஒண்ணுதான் கூப்பிட்டவனைத் திட்டுது. இதைச் செஞ்சவன் கட்டாயம் ஒரு கூட்டுக் குடும்பத்துல பொறந்திருக்கணும். ஏன்னா, உன் போன் தானா அடிக்குதா? ஒவ்வொரு மணிக்குப் பின்னாடியும் ஒருத்தர் உக்காந்திருக்காரு, சோபாவுல, காத்தாடிக்குக் கீழே, பத்திரமா.

ஒரு காலத்துல வர்ற போனுக்கும் காசு குடுக்கணும், தெரியுமா? 2003-லதான் அது ஒழிஞ்சுது. அதுக்கு முன்னாடி ஒருத்தன் கூப்பிட்டா, எடுக்கிறவன் நம்பரைப் பார்த்துட்டு பாக்கெட்டைத் தொட்டுப் பார்ப்பான். அதைவிட ஒசத்தியான எச்சரிக்கைக் கருவியை எவனும் இன்னும் கண்டுபிடிக்கலே. இப்ப கூப்பிடுறதும் ஓசி, எடுக்கிறதும் ஓசி. அதனால கூப்பிடுறான்.

உனக்கு யாரு கூப்பிடுறான்னு எனக்குத் தெரியும். சோழிங்கநல்லூர்லேர்ந்து நீ கிளம்பின நிமிஷத்துலேர்ந்து பெரும்பாக்கம் வர்றதுக்குள்ள உன் மேனேஜர். எட்டு மணி நேரம் பக்கத்துலயே உக்காந்திருந்தப்போ ஞாபகம் வராத விஷயம், நீ கியர் போட்டதும் அவருக்கு ஞாபகம் வருது. அடுத்தது உன் பாட்டி. எங்க வர்றே, எங்க வர்றேன்னு. மேடவாக்கத்துல இருக்கேன்னா, ஏன் இன்னும் மேடவாக்கத்துல இருக்கேம்பா. போன் பேசிக்கிட்டு இருக்கிறதாலதான்னு நீ சொல்ல முடியுமா? பத்திரமா வாப்பான்னு சொல்றதுக்காக நாலு தடவை கூப்பிடுற மகராசி அவ. அப்புறம் கொத்தமல்லி வாங்கிட்டு வான்னு மறுபடி அவளே. அப்புறம் லோன் வேணுமா சார்னு ஒரு பொண்ணு. வண்டி கீழே விழுந்து நீ ஆஸ்பத்திரியில கிடந்தாலும் அது விடாது, மெடிக்கல் லோன் தர்றேங்கும்.

இதுல நான் நையாண்டி பண்ணாத கூட்டம் ஒண்ணு உண்டு. முதுகுல பெட்டியைக் கட்டிக்கிட்டுச் சோறு கொண்டு போற பசங்க. அவனுக்கு முதலாளியே போனுக்குள்ளதான் இருக்கான். ஆர்டர் வந்தா உடனே எடுக்கணும், இல்லேன்னா அடுத்தவனுக்குப் போயிடும். வழியும் அதுலதான், வீட்டு நம்பரும் அதுலதான், சாப்பாடு எங்கேன்னு கத்துற கஸ்டமரும் அதுலதான். அவன்கிட்டே போய் போனைப் பார்க்காதேன்னு சொல்றது, சம்பளத்தைப் பார்க்காதேன்னு சொல்றது. அங்கே எச்சரிக்கை போக வேண்டிய இடம் அவன் காது இல்லே. சக்கரம் உருளுதுன்னு அந்தப் போனுக்கே தெரியும், எங்கே போறான்னு கம்பெனிக்கும் தெரியும், வரைபடத்துல பொம்மையா நகர்றதை நாமளே பார்க்கிறோமே! வண்டி நிக்கிற வரைக்கும் அடுத்த ஆர்டரை நீட்டாதேன்னு கம்பெனி கம்ப்யூட்டருக்கு ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்? உன்னைப் போல படிச்ச பிள்ளைங்கதானே அங்கேயும் எழுதுறீங்க. நாமளும், பொம்மை ஏன் நகரலேன்னு ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா அவனைக் கூப்பிடுறதை விட்டுடலாம். இட்லி ஆறினா சூடு பண்ணிக்கலாம்.

2021-ல நாடு பூராவும் ஓட்டும்போது போன் உபயோகிச்சதால 1,997 விபத்து, 1,040 சாவுன்னு மத்திய அரசாங்கத்துக் கணக்குல இருக்கு. எனக்கு அதுல நம்பிக்கை இல்லே, கம்மின்னு தோணுது. அடிபட்டவன் எவன்டா போலீஸ்ல வந்து, நான் மச்சான்கிட்டே பேசிக்கிட்டு இருந்தேன்னு ஒத்துக்குவான்? மாடு குறுக்கே வந்துச்சும்பான். மாட்டுக்குத்தான் வாய் இல்லையே. அந்த ஆயிரத்து நாப்பது பேருல எத்தனை பேருக்கு எதிர்முனையில ஒரு ஆள் இருந்திருப்பான்னு நினைச்சுப் பார்த்தியா? ஹலோ, ஹலோ, கேக்குதான்னு கத்திட்டு, சிக்னல் இல்லேன்னு வச்சிருப்பான். ஓட்டுறவனுக்கு ஆயிரம் அபராதம் போடுற சர்க்காரு, வண்டியில இருக்கேன்னு சொன்ன பிறகும் ஒரே ஒரு நிமிஷம்பான்னு பேச்சை இழுக்கிறவனுக்கு ரெண்டாயிரம் போடணும். போட்டா என் வீட்டுக்காரி கட்ட வேண்டிய அபராதத்துக்கு இந்த வீட்டையே எழுதிக் குடுக்க வேண்டி வரும், அது வேற விஷயம்.

அதனால ஒரு யோசனை வச்சிருக்கேன். அந்த பைக் மோடு இப்ப உன் போன்ல இருக்கோ இல்லையோ, கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, நீயே ஒண்ணு செய். கூப்பிட்டவனுக்குப் பதில் சொல்ற குரல் அந்தப் பொம்பளை எந்திரக் குரலா இருக்கக் கூடாது. மரியாதையாப் பேசினா நம்ம ஜனத்துக்கு உறைக்காது. என் குரல்ல பதிஞ்சுக்கோ.

மேனேஜருக்கு இது: "ஐயா, பேரன் ரோட்டுல இருக்கான். நீங்க சொல்லப் போற விஷயம் காலையில பத்து மணிக்கும் அதே விஷயமாத்தான் இருக்கும். வச்சிடுங்க." லோன் பொண்ணுக்கு: "தாயி, வாங்கின லோன்லதான் இந்த வண்டி, இதை ஓட்டி முடிச்சுட்டு அடுத்த லோனைப் பேசலாம்." சிநேகிதனுக்கு மரியாதை தேவையில்லே, அதை நான் தனியாச் சொல்றேன், பக்கத்துல உன் ஆத்தா இருக்கா. பாட்டிக்கு மட்டும் கொஞ்சம் பதமாப் பேசணும்: "ஏம்மா, அவன் வந்துக்கிட்டு இருக்கான். நீ கூப்பிட்டா லேட்டாகும், கூப்பிடலைன்னா சீக்கிரம் வருவான், எது வேணும்னு நீயே முடிவு பண்ணு." அவ என் குரலைக் கேட்டதும் போன்லயே என்னைத் திட்ட ஆரம்பிச்சுடுவா, அதுல ஒரு கால் மணி நேரம் ஓடிடும், நீயும் வீடு வந்து சேர்ந்துடுவே.

அவசரம்னா ஒண்ணை அமுக்குங்கன்னு அவன் வச்சானே, அங்கேதான் அந்த சாம்சங்காரன் கணக்கு இடிக்குது. நம்ம ஊர்ல எவனுக்குடா அவசரம் இல்லே? எல்லாரும் ஒண்ணைத்தான் அமுக்குவான். அதனால ஒண்ணை அமுக்கினா உனக்கு அடிக்க வேண்டாம், என் நம்பருக்கு அடிக்கட்டும். நான் இங்கே திண்ணையில சும்மாத்தானே உக்காந்திருக்கேன். நிசமா அவசரமா இருந்தா நான் விசாரிச்சு ஆக வேண்டியதைப் பார்க்கிறேன். இல்லேன்னா, எனக்கும் பேச ஆள் வேணும்டா. உன் மேனேஜருக்கு மதுராந்தகம் ஏரி நிரம்பின கதையை ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன், மறுபடி உன்னைக் கூப்பிடுறானா பார்ப்போம்.